உண்டியலும் தீர்மானமும்: கலையரங்க நிதி பற்றிக் கேள்வி பதில்

சமூகக் கலையரங்கம் கட்ட அறக்கட்டளை ஒன்று உண்டியல் ஏந்துகிறது. நகர மன்றத்தின் கதவையும் தட்டுகிறது. மன்றம் கை கொடுப்பதா, கைகட்டி நிற்பதா? நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஓர் அரங்கக் கட்டட நிதிக் குழுவின் பொருளாளராகவும் அல்லாடினேன். கொடுக்கும் நாற்காலி, கேட்கும் நாற்காலி இரண்டிலும் உட்கார்ந்தவன் என்பதே என் தகுதி. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் நகர மன்ற உறுப்பினர். கட்டடச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மன்றம் ஏற்க வேண்டும் என்று அறக்கட்டளை கேட்கிறது. ஏற்கலாமா?

பதில்: உதவலாம். ஆனால் "மூன்றில் ஒரு பங்கு" என்ற சொல் தீர்மானத்தில் வரவே கூடாது. பங்கு என்று எழுதினால் செலவு ஏறும்போதெல்லாம் உங்கள் தலையிலும் ஏறும். தொகையாக எழுதுங்கள்; "இதற்கு மேல் இல்லை" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரங்கங்கள் செலவு ஏறுவதற்குப் பெயர்போனவை. சிட்னி ஓபரா மாளிகைக்கு 1957இல் போட்ட மதிப்பீடு டாலர் கணக்கில் 70 லட்சம். 1973இல் திறந்தபோது 10.2 கோடி. பெரும்பகுதியை லாட்டரிச் சீட்டு விற்றுச் சமாளித்தார்கள். எல்லா நகரத்துக்கும் அந்த வழி வாய்க்காது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்ப்பில்ஹார்மனி இசையரங்குக்கு முதலில் 7.7 கோடி யூரோ போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது; 2017இல் கதவு திறந்தபோது நகரத்தின் கணக்கில் 78.9 கோடி ஆகியிருந்தது. உங்கள் அரங்கம் அவ்வளவு பெரியதல்ல, சரி. ஏறும் குணம் மட்டும் ஒன்றுதான்.

அடுத்தது, எப்போது கொடுப்பது என்பது. தொகையைவிட இதுவே பெரிய கேள்வி என்பது என் வாதம். முதல் பணத்தை நீங்கள் போடாதீர்கள். முதல் கையெழுத்தைப் போடுங்கள். "அறக்கட்டளை இன்ன தேதிக்குள் இன்ன தொகையை வங்கியில் காட்டினால் மன்றம் இன்ன தொகையைத் தரும்" என்று ஒரு தீர்மானம் போதும். அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் செல்வந்தர் வீட்டுப் படியேறலாம். "நீங்கள் தருவதை நகர மன்றம் இரட்டிக்கும்" என்று சொல்லும்போது கேட்பவரின் முகமே மாறும்; நான் பார்த்திருக்கிறேன். ஃபோர்டு அறக்கட்டளை 1966இல் அமெரிக்க இசைக்குழுக்களுக்கு 8 கோடி டாலர் ஒதுக்கியபோதுகூட, அதில் பெரும்பகுதியை, குழுக்கள் தாங்களும் ஈடாக ஒரு தொகையைத் திரட்டிக் காட்டினால்தான் தருவேன் என்று நிபந்தனை போட்டது.

தேதியை மறந்துவிடாதீர்கள். தேதி இல்லாத வாக்குறுதி உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

கேள்வி: எண்பது விழுக்காடு வந்துவிட்டது என்று நிதிக் குழுவினர் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: "வந்துவிட்டது" என்ற சொல்லுக்கு நிதிக் குழுக்களின் அகராதியில் மூன்று பொருள் உண்டு. நான் பொருளாளராகப் பொறுப்பேற்ற முதல் நாள், அலமாரியிலிருந்து நன்கொடை அட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினேன். மூன்று கட்டாகப் பிரித்தேன். வங்கியில் ஏறிய பணம் ஒரு கட்டு. கையெழுத்துப் போட்டு, மூன்றாண்டு ஐந்தாண்டுத் தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டவை இரண்டாவது. மூன்றாவது கட்டு அட்டைகளில் எங்கள் செயலாளரின் கையெழுத்து மட்டுமே இருந்தது. "திருமண வரவேற்பில் பேசினேன், நிச்சயம் செய்வார்" என்று பென்சிலில் குறிப்பு. உயரத்தில் அந்தக் கட்டுதான் முதலிடம். அதையும் கூட்டித்தான் நாங்கள் ஊரெல்லாம் விழுக்காடு சொல்லிக்கொண்டிருந்தோம்.

மன்றம் கேட்க வேண்டியது இந்த மூன்று எண்களையும் தனித்தனியாக, தணிக்கையாளர் கையெழுத்துடன். இரண்டாவது கட்டும் உடனடிப் பணமல்ல என்பதை மறக்கக் கூடாது. ஒப்பந்தக்காரருக்கு மாதாமாதம் பட்டியல் பணம் போக வேண்டும். நன்கொடையோ ஐந்தாண்டு ஆடி அசைந்து வரும். இடைவெளியை நிரப்ப வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டியை மதிப்பீட்டில் சேர்த்தவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கேள்வி: சாலையெல்லாம் குழி. இதில் கூத்துக்கும் பாட்டுக்கும் என் வரிப்பணமா?

பதில்: கோபம் நியாயமானது. குடிநீருக்கே தட்டுப்பாடு உள்ள நகரம் "இப்போது முடியாது" என்று சொன்னால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரங்கத்துக்குத் தராத பணம் தானாகச் சாலைக்குப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். ஒருமுறைச் செலவுக்கான பணமும் ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புப் பணமும் வரவு செலவுத் திட்டத்தில் பெரும்பாலும் வேறு வேறு தலைப்புகளில் இருக்கும். உங்கள் உறுப்பினரிடம் எந்தத் தலைப்பிலிருந்து எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். சாலைத் தலைப்பில் கைவைத்தால் சண்டை போடுங்கள்.

ஆதரிப்பவர்கள் நீட்டும் பொருளாதார அறிக்கைகளையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். ஒன்று போட்டால் மூன்றாகத் திரும்பும் என்பார்கள். நாடகம் பார்க்க வந்தவர் செலவழித்த பணத்தில் ஒரு பகுதி, நாடகம் இல்லாவிட்டாலும் அதே நகரத்தில் வேறு எங்காவது செலவாகியிருக்கும். அந்த அறிக்கைகள் பெரும்பாலும் இதைக் கழிப்பதில்லை. நூலகமும் பூங்காவும் லாபம் காட்டவா வைத்தோம்? அரங்கத்தையும் அந்த வரிசையில் வைத்து, வேண்டுமா வேண்டாமா என்று நேராகப் பேசுவதே நாணயம்.

கேள்வி: மன்ற உறுப்பினரே அறக்கட்டளையிலும் உறுப்பினர். சரியா?

பதில்: இருக்கலாம். ஆனால் அதை எழுத்தில் அறிவித்துவிட்டு, விவாதத்தின்போதும் வாக்கெடுப்பின்போதும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். வெளியே என்றால் கதவுக்கு வெளியே. கடைசி வரிசை நாற்காலி அல்ல.

கேள்வி: நான் நடன ஆசிரியை. கட்டி முடித்த பிறகு வாடகை எங்களுக்கு எட்டுமா என்பதே என் கவலை.

பதில்: அம்மா, இத்தனை கேள்விகளில் இதுதான் என்னை உட்கார்ந்து யோசிக்கவைத்தது. உண்டியல் ஏந்துபவர்கள் கட்டடத்தின் படத்தைக் காட்டுகிறார்கள். கட்டடம் திறந்த மறுநாள் காலை மின் கட்டணம் யார் கட்டுவது என்பதைக் காட்டுவதில்லை.

கலை நிகழ்ச்சிக்கு ஒரு விசித்திரமான பொருளாதாரம் உண்டு. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற பொருளாதார அறிஞர் இருவர் 1966இல் இதை விளக்கினார்கள். நால்வர் வாசிக்கும் இசைக்கு நூறாண்டுக்கு முன்பும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான். நேரமும் அதே நேரம். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து ஆள் குறைகிறது, கூலி ஏறுகிறது. கலைஞரும் அதே சந்தையில்தான் காய்கறி வாங்க வேண்டும். அவர் ஊதியமும் ஏற வேண்டும், ஆனால் ஆளைக் குறைக்க வழியில்லை. ஆகவே டிக்கெட் பணம் மட்டும் வைத்து அரங்கம் ஓடாது. ஓடவைக்கப் பார்த்தால் வாடகை ஏறும். ஏறினால் உங்களைப் போன்றவர்கள் வெளியே, நிறுவனக் கூட்டங்களும் திருமணங்களும் உள்ளே. சமூக அரங்கம் என்ற பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சும்.

அதற்கு மன்றத்தின் கையில் ஒரு பிடி இருக்கிறது. பணம் தருவதற்கு ஈடாகப் பயன்பாட்டு ஒப்பந்தம் ஒன்றைக் கேட்கலாம்: ஆண்டில் இத்தனை நாள் உள்ளூர்க் குழுக்களுக்குக் குறைந்த வாடகை, அதில் இத்தனை நாள் சனி ஞாயிறு. சனி ஞாயிறு என்று எழுதாவிட்டால் உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிதான் கிடைக்கும்.

இன்னொன்று. வரைபடம் இறுதியாகும் முன் உங்களைப் போன்றவர்கள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நான் இருந்த குழுவில் முகப்புக் கண்ணாடிக்கு மூன்று கூட்டம் போட்டோம். பின்வாசலை ஒருவரும் பார்க்கவில்லை. முதல் நாடகத்தின் அரண்மனைப் படுதாச் சட்டம் அந்த வாசலில் நுழையவில்லை. மழைத் தூறலில் நின்று ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மேடையில் ஆணி அடித்துச் சேர்த்தார்கள். முதல் காட்சியில் அரசர் நின்ற இடத்துக்குப் பின்னால் வெட்டுக்கோடு தெரிந்தது. மேடைத் தரையும் அப்படித்தான்: சிமெண்டின் மேல் நேராகப் பலகை ஒட்டினால் படத்தில் அழகாக இருக்கும், ஆடுபவரின் முழங்கால்தான் விலை கொடுக்கும். அடியில் இடைவெளி விட்ட, சற்றே வளைந்து கொடுக்கும் தரை வேண்டும். குதிகாலால் தட்டிப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். பொறியாளருக்கு அது தெரியாது.

கேள்வி: ஓய்வுபெற்ற பொறியாளர் நான். எங்களை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? போகட்டும், பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பதில்: மன்னிக்கவும்! உங்களுக்கே தெரிந்த கணக்குதான்: அதே கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு. அதற்கென்று ஒரு வைப்பு நிதியையும் கட்டட நிதியோடு சேர்த்தே திரட்ட வேண்டும். திறப்பு விழா முடிந்த பிறகு கூரைக் கசிவுக்கு யாரும் நன்கொடை தருவதில்லை. கூரைக்குப் பெயர் சூட்ட முடியாதே.

கேள்வி: பெயர் சூட்டும் உரிமையை விற்பது கேவலமில்லையா?

பதில்: இல்லை, காலவரையின்றி விற்பதுதான் தவறு. லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கம் கட்டுமானத்துக்காக இருக்கைகளையே 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்றது, ஓர் இருக்கை 100 பவுண்டு. அரங்கம் 1871இல் திறந்தது. இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் தனியார் உடைமை. பல நிகழ்ச்சிகளுக்கு அந்த டிக்கெட்டுகளை உடைமையாளர்கள் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள் என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை. பெயரை இருபது ஆண்டுக்குக் கொடுங்கள். பெயர் தந்தவர் பின்னாளில் சிறைக்குப் போனால் பலகையைக் கழற்றும் உரிமை யாருக்கு என்பதையும் எழுதிவையுங்கள்.

ஒரே பெரிய கொடையை நம்பித் தொடங்குவதும் ஆபத்து. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வால்ட் டிஸ்னியின் மனைவி லில்லியன் டிஸ்னி ஓர் இசையரங்கு கட்ட 1987இல் 5 கோடி டாலர் கொடுத்தார். மாவட்ட நிர்வாகம் நிலத்தடியில் வாகன நிறுத்தத்தைக் கட்டி முடித்தது. மேலே வர வேண்டிய இசையரங்குக்குப் பணம் போதாமல் வேலை நின்றது. நகர மேயரும் சில செல்வந்தர்களும் மறுபடி உண்டியல் ஏந்தி, 2003இல்தான் அரங்கம் திறந்தது. ஆண்டுக்கணக்கில் அங்கே கார்கள் மட்டும் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தன.

கேள்வி: எங்களைப் போன்ற சாதாரணர்களின் சில்லறையால் என்ன ஆகப்போகிறது?

பதில்: கட்டட நிதியில் பாதிக்கு மேல் பத்து இருபது பேரிடமிருந்தே வரும், அதனால்தான் விவரமறிந்த குழுக்கள் பெரியவர்களிடம் சத்தமில்லாமல் பேசி முடித்த பிறகே பொதுமக்களிடம் வருகின்றன. ஆனால் சில்லறைக்கு வேறொரு பலம் உண்டு. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லை. நகரம் 50,000 டாலர் தர வழிசெய்யும் மசோதாவை ஆளுநர் குரோவர் கிளீவ்லாந்து தடுத்துவிட்டார். 1885இல் ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில் வேண்டுகோள் விடுத்து, கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் அச்சிட்டார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல், பெரும்பாலோர் ஒரு டாலரை எட்டாதவர்கள். மன்ற உறுப்பினர்கள் தொகையைப் பார்ப்பதைவிட அந்தத் தலைகளின் எண்ணிக்கையை உற்றுப் பார்ப்பார்கள். தலை என்றால் வாக்கு.

கேள்வி: அரங்கம் வராமலே போனால் நான் கொடுத்த பணம்?

பதில்: ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். "இத்தனை ஆண்டுக்குள் பணி தொடங்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று இருந்தால் நல்லது. "அறக்கட்டளையின் நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்படும்" என்று இருந்தால், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: மன்றமே கட்டி, மன்றமே நடத்தினால் என்ன?

பதில்: கட்டடம் மன்றத்தின் பெயரில் இருப்பது நல்லது, நடத்துவதை விட்டுவிடுங்கள். ஒரு மின்விளக்கு மாற்றக் கோப்பு மூன்று மேசை சுற்றும் இடத்தில், இடைவேளைக்குள் விளக்கு எரிய வேண்டிய தொழில் செழிக்காது. கார்னகி அரங்கை இடிக்கப் போகிறார்கள் என்றபோது நியூயார்க் நகரம் 1960இல் 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கி, நடத்தும் பொறுப்பை லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தது. இன்றும் அந்த ஏற்பாடு ஓடுகிறது.

கேள்வி: நாடகக் குழு ஒன்றில் இருக்கிறேன், வயது இருபத்திரண்டு. அடுத்த மன்றக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள். கலையின் மேன்மையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, அதைக் கிழித்துவிடுங்கள். அந்த அறையில் கலையின் மேன்மையை மறுப்பவர் யாரும் இல்லை, அதற்காகக் கை தூக்குபவரும் இல்லை. உங்கள் குழுவின் நாட்குறிப்பை எடுத்துப் போங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இடம் கேட்டீர்கள், எத்தனை நாள் கிடைக்கவில்லை, எந்தப் பள்ளிக் கூடத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்த்தீர்கள், எத்தனை பேர் நின்றுகொண்டு பார்த்தார்கள். தேதியோடு வாசியுங்கள். அக்கம்பக்கத்து நான்கு குழுக்களின் நாட்குறிப்பும் சேர்ந்தால், முந்நூறு இருக்கை போதுமா ஆயிரம் வேண்டுமா என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைக்கும். என் ஊகம், முந்நூறு போதும். இரண்டு நிமிடத்தில் வாசித்துவிட்டு, மூன்றாவது நிமிடத்தை அவர்களிடமே விட்டு உட்கார்ந்துவிடுங்கள். யாராவது ஓர் உறுப்பினர், "அந்த நோட்டைக் கொஞ்சம் கொடு" என்று கை நீட்டுவார். நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.