சாக்லேட்டுக்கு வரைந்த படங்கள்

கேள்வி: சயானில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பீரியட். பிள்ளைகளில் பாதிப் பேர் தாராவியிலிருந்து வரும் தமிழர்கள். ஆர்வத்தை வளர்க்கலாம் என்று சென்ற ஆண்டு ஒரு முறையைத் தொடங்கினேன்: நன்றாக வரைந்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு சாக்லேட், மாதக் கடைசியில் ‘இம்மாத ஓவியர்’ என்று அறிவிப்புப் பலகையில் பெயர். முதல் இரண்டு மாதம் வகுப்பே களைகட்டியது. இப்போது பென்சிலை எடுக்கும் முன்பே, “டீச்சர், இதுக்கு ஸ்டார் உண்டா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் நாலு கோடு கிழித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பரிசும் திரும்பத் திரும்ப அதே நான்கு பேருக்குத்தான் போகிறது. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். பென்சிலில் அவனுக்கு இணை யாருமில்லை. “கடவுள் கொடுத்த கை” என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைச் சொல்வேன். வாட்டர் கலர் தொடங்கியதிலிருந்து அவன் நோட்டையே கொண்டுவருவதில்லை. பெற்றோருக்கோ இண்டர்மீடியட் ஓவியத் தேர்வில் கிரேடு வந்தால் போதும். பரிசுகளை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் எதை வைத்து இவர்களை வரைய வைப்பது?
– ஓர் ஓவிய ஆசிரியை, மும்பை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, நீங்கள் சொல்லும் நட்சத்திர ஸ்டிக்கரை மாட்டுங்கா கடையில் தாள் தாளாக வாங்கி வைத்திருந்தவன் நான், ஆகவே நீங்கள் செய்தது தவறு என்று மேடையில் நின்று சொல்லும் தகுதி எனக்கில்லை. என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மாதத்தின் சிறந்த படத்துக்கு ஒரு போஸ்டர் கலர் பெட்டி என்று அறிவித்தேன். முதல் மாதம் ஒரு சிறுமியின் இயற்கைக் காட்சிக்குப் பரிசு கொடுத்தேன். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை. நீங்களும் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள், ஆனால் அவள் வண்ணம் தீட்டியிருந்த விதம் சுத்தமாக இருந்தது. மறுமாதம் ‘எங்கள் தெரு’ என்று தலைப்புக் கொடுத்தேன். வந்த 44 தாள்களில் 31 தாள்களில் தெருக்கோடியில் இரண்டு மலைகள் நின்றன, நடுவில் பாதிச் சூரியனோடு. சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகளின் வரிசையில் பிறந்து, பொதுக் குழாயடியில் வரிசை நின்று வளர்ந்த பிள்ளைகள், தங்கள் தெருவில் இல்லாத ஆற்றை அதன் ஓரமாக ஓட விட்டிருந்தார்கள்.

அன்று எனக்கு வந்த கோபம் அந்தப் பிள்ளைகள்மீதுதான் பாய்ந்தது. பல நாள் கழித்தே உறைத்தது, அவர்கள் சோம்பலால் அப்படிச் செய்யவில்லை, கெட்டிக்காரத்தனத்தால் செய்தார்கள் என்பது. எந்தப் படம் சாருக்குப் பிடிக்கும் என்று பரிசின் மூலம் நானே அறிவித்திருந்தேன். அவர்கள் கேட்ட சரக்கைக் கொடுத்துவிட்டுக் கூலிக்காகக் காத்திருந்தார்கள். உங்கள் வகுப்பில் எழும் “ஸ்டார் உண்டா?” என்ற கேள்வியும் இதே வகையைச் சேர்ந்தது. அது மரியாதைக் குறைவு அன்று. வேலையைத் தொடங்குமுன் கூலி என்ன என்று கேட்பது உலக வழக்கம். வரைவதைக் கூலி வேலையாக மாற்றியவர்கள் நீங்களும் நானும்தான்.

இது நம் இருவரின் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் நடத்தி 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சிறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினரிடம், “வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு எதுவுமே இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, முன்கூட்டி ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்ற இரு பகுதியினரும் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களும் தரத்தில் குறைவு என்று, யார் எந்தப் பகுதி என அறியாத நடுவர்கள் மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஒரு கேடும் வரவில்லை. ஆகப் பரிசு என்ற பொருளில் நஞ்சு இல்லை. ‘இதைச் செய்தால் அது கிடைக்கும்’ என்று முன்னால் பேசிக்கொள்ளும் பேரம்தான் கெடுக்கிறது.

உங்கள் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதினர், எல்லோருமே ஓவியத்தை விரும்பி வந்தவர்களும் அல்லர் என்று நீங்கள் சொல்லலாம், அது நியாயமே. வண்ணம் கலக்கும் தட்டைக் கழுவுவது, பெஞ்சுகளை ஒழுங்காகப் போடுவது போன்ற, யாருக்குமே இயல்பான ஆசை இல்லாத வேலைகளுக்குச் சாக்லேட் கொடுத்தால் எதுவும் குடிமுழுகாது. நானும் கொடுத்திருக்கிறேன். படத்துக்கு மட்டும் வேண்டாம்.

எனவே நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் ஒரு காலையில் திடீரென்று வேண்டாம். மூன்று, நான்கு நட்சத்திரம் சேர்த்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கைத் தீர்த்து, எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்து முடித்துவிட்டு, “நான் ஒரு முறையைச் செய்து பார்த்தேன், அது உங்கள் படங்களுக்கு நல்லதாக அமையவில்லை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தம் தவற்றை ஒப்புக்கொள்வது பெரிய வேடிக்கை, நன்றாகக் கேட்பார்கள். அதன்பின் இரண்டு, மூன்று வாரம் வகுப்பு சுணங்கும். அந்தச் சுணக்கத்தைக் கண்டு பதறி மறுபடி ஸ்டிக்கர் வாங்க ஓடாமல் இருப்பதுதான் கடினம்.

அடுத்து, எதை வைத்து வரைய வைப்பது என்ற கேள்வி. என் முப்பதாண்டு அனுபவத்தில் பிள்ளைகளை வரைய வைத்தது பெரும்பாலும் ஒன்றுதான்: தாங்கள் செய்ததை ஒருவர் உண்மையாகவே உற்றுப் பார்க்கிறார் என்ற நம்பிக்கை. “சூப்பர்”, “வெரி குட்” என்று சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாக நடந்துபோவது பார்ப்பது ஆகாது. ஸ்டூலின்மேல் ஒரு பித்தளைச் செம்பை வைத்து வரையச் சொல்லுங்கள்; பத்தில் எட்டுப் பேர் அதன் வாயை மீன்கண் போல இரு முனைகளும் கூராக வரைந்திருப்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் முனையைக் கூராக்காமல் வளைத்திருக்கும், ஆனால் படம் மொத்தத்தில் அழுக்காக, நாலைந்து முறை அழித்து வரைந்த தடத்தோடு இருக்கும். நட்சத்திரம் கொடுக்கும் ஆசிரியர் அழுக்கைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுவார். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அரை நிமிடம் குனிந்து, “இந்த ஓரத்தை வளைக்க வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேட்டால் அது பதில் சொல்லத் திணறும், பிறகு மறுபடி செம்பைப் பார்க்கும். அந்த இரண்டாவது பார்வையை எந்தச் சாக்லேட்டாலும் வாங்க முடிந்ததில்லை. 40 பேர் உள்ள வகுப்பில் ஒரே பீரியடில் எல்லோரிடமும் இப்படிப் பேச முடியாது. பீரியடுக்கு எட்டுப் பேர் என்று பெயர்ப் பட்டியலில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இரண்டரை வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அப்படி ஒரு சுற்றில்தான் ஒரு மாணவியைக் கவனித்தேன். பொருள் வரைதலில் மிகவும் பின்தங்கியவள், நட்சத்திரக் காலத்தில் ஒன்றுகூட வாங்காதவள். அவள் இழுத்த கோட்டை மட்டும் தனியாகப் பார்த்தால், தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை ஒரு நடுக்கமும் இல்லை. விசாரித்தால், மார்கழி முழுதும் விடிவதற்கு முன் வீட்டு வாசலில், அதுவும் மூன்றடி அகலச் சந்தில், அம்மாவோடு சேர்ந்து கோலம் போடுகிறவள். அடுத்த வாரம் டிசைன் பாடத்தை அவளிடமே ஒப்படைத்தேன். புள்ளி வைத்து, கையைத் தூக்காமல் சிக்குக் கோலத்தின் கோட்டைச் சுற்றிக் கொண்டுவருவது எப்படி என்று கரும்பலகையில் அவள் காட்ட, மராத்திப் பிள்ளைகளும் குஜராத்திப் பிள்ளைகளும் புள்ளிகளுக்கு நடுவே வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அவளுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. ஆண்டு முழுதும் அவள் நோட்டு வராத நாளில்லை.

அறிவிப்புப் பலகையிலும் ‘இம்மாத ஓவியர்’ வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் படங்களில் ஒன்றைத் தானே தேர்ந்து மாட்டட்டும். முடியாத படமானாலும் சரி, கீழே எதைச் செய்து பார்த்தேன் என்று ஒரு வரி எழுதட்டும். இடமில்லை என்றால் வரிசை வரிசையாக வாரம் மாற்றிக்கொள்ளலாம்.

இண்டர்மீடியட் கிரேடு விஷயத்தில் பெற்றோரோடு சண்டை போடாதீர்கள். மாநில அரசின் கலை இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வில் ஏ கிரேடு வாங்கினால் பத்தாம் வகுப்பில் 7 மதிப்பெண் கூடுதலாகச் சேரும்போது, தோல் பட்டறையிலும் தையல் மெஷினிலும் நாளெல்லாம் உழைக்கும் பெற்றோர் அதைக் கேட்பதில் என்ன தவறு? தேர்வைத் தேர்வாகவே நடத்துங்கள். ஜியாமெட்ரியும் எழுத்து வடிவமும் பயிற்சியால் வருபவை, அவற்றுக்கென்று தனி நாட்கள் ஒதுக்கிக் கறாராகச் சொல்லிக்கொடுங்கள். மீதி நாட்களில் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

சாக்லேட்டுக்குச் செலவழித்த பணம் மிச்சமாகுமே, அதில் முதலில் நல்ல கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்னும் தடித்த ஓவியத் தாள் வாங்குங்கள். இரண்டாவதாக, தலைமையாசிரியர் சம்மதித்தால் ஒருநாள் எல்லோரையும், கெட்டிக்கார நான்கு பேரை மட்டுமல்ல, ரயிலேற்றி சிஎஸ்எம்டி என்னும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1878இல் கட்டத் தொடங்கிய அந்த நிலையத்தின் கல் வேலைப்பாடுகளில் பலவற்றைச் செய்தவர்கள் அன்றைய ஜே.ஜே. ஓவியப் பள்ளி மாணவர்கள் என்று சொன்னால், தினமும் அந்த வழியாகப் போகிற பிள்ளைகூட முதன்முறையாக அண்ணாந்து பார்க்கும். ஆளுக்கொரு 2பி பென்சிலும் ஒரு துண்டு அட்டையும் கொடுத்து, ஒரு விலங்கையோ இலையையோ கண்டுபிடித்து வரையச் சொல்லுங்கள். அப்படியே நடந்தால் கலைக்கூடங்கள் உள்ள காலா கோடா பகுதி. ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குள் போகக் கட்டணமில்லை, வாசல் நடைபாதையிலும் ஓவியர்கள் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள்.

இனி அந்தப் பையன். அவனைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை நான் இரண்டு முறை படித்தேன். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் சிலரை “நீ புத்திசாலி” என்றும், சிலரை “நன்றாக முயன்றாய்” என்றும் பாராட்டினார்கள். புத்திசாலிப் பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதான புதிரையே கேட்டார்கள். கடினமானதில் ஒருமுறை தடுமாறியபின் பழைய அளவுக்குக்கூட அவர்களால் செய்ய முடியவில்லை. உங்கள் மாணவனும் அந்த இடத்தில்தான் நிற்கிறான் என்று நினைக்கிறேன். கடவுள் கொடுத்த கை வாட்டர் கலரில் தடுமாறினால், கொடுத்ததைக் கடவுள் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார் என்றுதானே ஆகும்? நோட்டைக் கொண்டுவராமல் இருந்துவிட்டால் பட்டமாவது பத்திரமாக இருக்கும்.

அவனைத் தனியே அழைத்து அறிவுரை சொல்ல வேண்டாம், எல்லோர் முன்னிலையிலும் ஊக்கப்படுத்தவும் வேண்டாம். அவன் நோட்டுத் தாளைத் தொட்டுப் பாருங்கள்: மெல்லிய டிராயிங் தாளில் தண்ணீர் பட்டதும் தாள் பொங்கிச் சுருளும், நிறம் திட்டுத் திட்டாகத் தேங்கும், ஒருமுறை தேய்த்தால் நூல் நூலாக எழும்பும். அது தாளின் குற்றம் என்று யாரும் சொல்லாவிட்டால் பிள்ளை தன் கையைத்தான் குற்றம் சொல்லும். கார்ட்ரிட்ஜ் பேப்பரை நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சிறிய தாள் கெட்டுப்போனால் யாருக்கும் நட்டமில்லை. பல நிறம் வேண்டாம், பழுப்பு ஒன்று போதும். ஒரே நிறத்தை வெளிச்சத்துக்குத் தண்ணீராகவும் நிழலுக்குக் கெட்டியாகவும் வைப்பது, அவன் 6பி பென்சிலால் இத்தனை நாள் செய்த வேலைதான். அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அதே செம்பை ஒரு சதுரத்தில் வரையுங்கள், நிறம் ஓடிக் கெட்டுப்போனால் மறைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுங்கள். மிச்சச் சதுரங்களையும் ஆறாம் நம்பர் பிரஷையும் அந்த பெஞ்சிலேயே வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுங்கள். நோட்டு எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.