‘வெயிட்டே இல்லையே சார்’ – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கோவையில் சிறிய அளவில் கருவிகள் செய்து விற்கிறோம். இப்போது செய்வது கையடக்க நெல் ஈரப்பத மானி. மேலே உள்ள குழியில் நெல்லைக் கொட்டிப் பொத்தானை அமுக்கினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். மின்தேக்க முறை, அதாவது ஈரத்துக்கேற்ப நெல் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு மாறுவதை வைத்து அளப்பது. கொள்முதலில் 17 சதவீதம்தான் வரம்பு என்பதால் அந்த இடத்தில் பிசகு வராமல் இருக்க நிறையவே மெனக்கெட்டிருக்கிறோம். வெளிநாட்டுக் கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் காட்டுகிறோம்.

ஆனால் டீலர் கையில் எடுக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், ஒரு குலுக்குக் குலுக்குகிறார், பொத்தானை இரண்டு தட்டுத் தட்டுகிறார். “வெயிட்டே இல்லையே சார், பொம்மை மாதிரி இருக்கு” என்று கீழே வைத்துவிடுகிறார். அளந்து பார்ப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது.

உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக், சுவர் 2 மி.மீ. கனம். வெளியளவு 160 × 75 × 35 மி.மீ. நான்கு மூலையிலும் ஸ்க்ரூ. நான்கு ஏஏ பென்சில் செல்லோடு 210 கிராம். “உள்ளே ஒரு இரும்புப் பட்டையை ஒட்டுங்கள், 100 கிராம் ஏறினால் போதும்” என்கிறார் பெட்டியை வார்க்கும் மோல்டைச் செய்து தந்தவர். வெள்ளிப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். செய்யலாமா? இது ஏமாற்று இல்லையா? புது மோல்டு போட இப்போது பணம் இல்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

டீலர் மேல் வருத்தப்படாதீர்கள். பெட்டியைத் திறந்து சர்க்யூட்டைப் பார்க்க அவருக்கு வழியில்லை. கண், காது, கை மூன்றும்தான் அவரிடம் இருக்கின்றன. மண்பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான். பானைக்கு அது சரியான சோதனையும்கூட. விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அவர் சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். “வெயிட் இல்லை” என்பவர் பெரும்பாலும் சொல்லவருவது “இறுக்கம் இல்லை” என்பதை. எந்தப் புலன் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தது என்று நாம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 1998இல் யூஸ்மாக்கி, ஹாரி என்ற இரண்டு ஃபின்லாந்து ஆய்வாளர்கள், உள்ளங்கைகளைத் தேய்க்கும் சத்தத்தை மைக்கில் வாங்கி அதே நொடியில் தேய்ப்பவரின் ஹெட்போனுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சத்தத்தின் கீச்சுப் பகுதியை, அதாவது 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை, கூட்டியபோது தன் தோல் காகிதம் போலக் காய்ந்துவிட்டதாகத் தேய்த்தவர் உணர்ந்தார். கையில் எதுவும் மாறவில்லை, காதில்தான் மாறியது. 2003இல் ஸம்பீனி, கெஸ்ட், ஸ்பென்ஸ் மூவரும் மின்சார டூத்பிரஷ்ஷில் இதையே செய்தார்கள். சத்தத்தைக் குறைத்ததும் பல்லில் படும் அதிர்வே மென்மையாகிவிட்டதாகச் சொன்னார்கள் துலக்கியவர்கள். காது கேட்டதைக் கை உணர்ந்ததாக நினைக்கிறோம். உங்கள் டீலரும் குலுக்கும்போது ‘கலகல’ என்று கேட்டதை எடைக் கணக்கில் எழுதிவிடுகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை குலுக்கல். பெரும்பாலும் அது செல்லின் சத்தம். ஏஏ செல்லின் விட்டம் 13.5 முதல் 14.5 மி.மீ. வரை இருக்கலாம் என்று தரநிர்ணயமே அனுமதிக்கிறது. நீங்கள் பெரிய செல்லுக்கு இடம்விட்டு 14.8 என்று குழி வைத்திருப்பீர்கள். டீலர் போடுவது ஒல்லியான செல்லாக இருந்தால் 1 மி.மீ.க்கு மேல் ஆட்டம். ஸ்பிரிங் நீளவாக்கில்தான் பிடிக்கும், பக்கவாட்டில் பிடிக்காது. பேட்டரி மூடியின் உள்பக்கம் 2 மி.மீ. ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி, மூடினால் அது பாதியாக அமுங்குகிறதா என்று பாருங்கள். முழுக்க அமுங்கினால் மூடியின் கொக்கி நாளாவட்டத்தில் உடையும். டேப் சாதாரண ஃபோமாக இல்லாமல் அமுங்கினால் திரும்ப எழும் வகையாக இருக்கட்டும். மலிவு ஃபோம் ஒரு கோடைக்குள் தட்டையாகிவிடும்.

செல்லைக் கழற்றிவிட்டும் குலுக்குங்கள். இன்னும் சத்தம் வந்தால் பொத்தான் மூடிகள், டிஸ்பிளே, ஸ்பீக்கர் வயர் என்று ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குலுக்கினால் குற்றவாளி அகப்படுவார்.

அடுத்தது முறுக்கு. இரண்டு கையாலும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல லேசாக முறுக்கினால் ‘கிறீச்’ என்கிறதா? மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடத்தில் ஏபிஎஸ்மேல் ஏபிஎஸ் பிடித்துப் பிடித்து வழுக்குவதால் வருவது அது. மூலைகளில் மட்டும் ஸ்க்ரூ போட்ட 160 மி.மீ. பெட்டிக்கு நடுவில் பிடிமானம் இல்லை. மோல்டை மாற்றாமல் செய்யக்கூடியது, இணைப்பு விளிம்பில் மெல்லிய சிலிக்கான் கயிறு ஒன்றை வைப்பது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசாது, உமித்தூசியும் உள்ளே போகாது. மோல்டைத் தொட முடிந்தால் நடுவில் இரண்டு ஸ்க்ரூ பாஸ், அதாவது ஸ்க்ரூ இறங்கும் குழல்கள், சேர்த்துவிடுங்கள்.

முதுகை நகத்தால் தட்டினால் ‘டொக்’ என்று வெற்றுப்பெட்டிச் சத்தம் வரும். அகலமான மெல்லிய பலகை மத்தளத் தோல்போல வேலை செய்கிறது. சுவரை 2.5 மி.மீ. ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ஏனென்றால் அது கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. ஆனால் மோல்டில் ஆறும் நேரம் கனத்தின் இருமடியாக ஏறுவதால் ஒன்றரை மடங்குக்குமேல் போகும், பீஸ் விலையும் ஏறும். ரிப், அதாவது சுவரின் உள்பக்கம் முட்டுக்கொடுக்கும் மெல்லிய வரம்பு, அதுதான் சிக்கனம். 2 மி.மீ. சுவருக்கு ரிப் 1 முதல் 1.2 மி.மீ. கனம், 6 மி.மீ.க்கு மேற்படாத உயரம். ரிப்பைக் கனமாக வைத்தால் அந்த இடம் கடைசியாக ஆறி உள்ளிழுக்கும், வெளிப்பக்கத்தில் பள்ளம் விழும். பளபளப்பான மேற்பரப்பில் அந்தப் பள்ளம் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும், கண் அதை மன்னிக்காது. இப்போதைக்கு முதுகின் உள்பக்கம் நடுவில் உள்ளங்கை அளவு பியூட்டைல் ஷீட் ஒட்டிப் பாருங்கள். கார் கதவுக்குள் ஒட்டுகிறார்களே, அதுதான். சத்தம் ‘தப்’ என்று அடங்கும், கொஞ்சம் எடையும் தானாக ஏறும்.

பொத்தானுக்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் அதிகம். பொத்தான் மூடிக்கு அடியில் இருக்கும் 6 × 6 மி.மீ. டேக்ட் சுவிட்சில் விரல் நகரும் தூரம் வெறும் 0.25 மி.மீ. அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் விசை ஏறி, சட்டென்று விழுந்து, மறுபடி ஏற வேண்டும். அந்த விழுகைதான் ‘கிளிக்’. உச்ச விசையில் 40 முதல் 60 சதவீதம்வரை விழுந்தால் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். அதற்குக் கீழே போனால் களிமண்ணை அமுக்குவதுபோல இருக்கும். 100 கிராம் விசைக்கான சுவிட்ச் போட்டிருந்தால் 160 அல்லது 260க்கு மாற்றுங்கள். விலை வித்தியாசம் பைசாக் கணக்கு, ஆனால் கருவியின் ஆயுளே கூடினாற்போலத் தோன்றும்.

சுவிட்ச் நன்றாக இருந்தும் கெடுப்பது மூடி. மூடிக்கும் சுவிட்சுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் முதலில் ஒரு தொளதொளப்பு, பிறகுதான் கிளிக். இடைவெளியே இல்லாவிட்டால் ஸ்க்ரூவை இறுக்கும்போதே சுவிட்ச் பாதி அமுங்கி நிற்கும், வெயிலில் பிளாஸ்டிக் விரிந்தால் தானாக ஆன் ஆகும். மூடி நீளமாகவும் சுவிட்ச் நடுவில் ஒன்றாகவும் இருந்தால் ஓரத்தில் அமுக்குகிறவருக்கு மூடி சாய்ந்தாடும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, மூடிக்கு அடியில் சுவிட்சைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ஒரு மெல்லிய சிலிக்கான் ரப்பர் தகடு. ஆட்டத்தையும் அது விழுங்கிவிடும், தூசியையும் தடுக்கும்.

பொத்தானோடு ‘பீப்’ இருக்கிறதா? ஈரத்தை அளந்து முடித்தபின் பீப் வருகிறதென்றால் அமுக்கலுக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி விழும். பதிவானதா என்ற ஐயத்தில் மறுபடி அமுக்குவார்கள். டீலர் இரண்டு தட்டுத் தட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள், காரணம் இதுவாகவே இருக்கலாம். அமுக்கிய உடனே 30 மில்லிவினாடிக்கு ஒரு குட்டி பீப், அளவு கிடைத்ததும் இன்னொன்று என்று மென்பொருளில் மாற்றுங்கள். செலவே இல்லை. ஒரே நேரத்தில் வருவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2016இல் வந்த ஐபோன் 7ஐப் பாருங்கள். அதன் ஹோம் பொத்தான் நகரவே நகராது. விரல் அழுத்தும் அதே கணத்தில் உள்ளே ஒரு மோட்டார் தட்டுகிறது, அமுங்கியதாகவே விரல் நம்பிவிடுகிறது. போனை அணைத்துவிட்டு அமுக்கினால் வெறும் கல்.

இனி எடை. 1891இல் ஷார்பாந்தியே என்ற ஃபிரெஞ்சு மருத்துவர் காட்டிய பழைய விஷயம் இது. ஒரே எடையுள்ள இரண்டு பொருளில் சிறியதுதான் கைக்குக் கனமாகத் தெரியும். கண் முதலில் அளவைப் பார்த்து ஓர் எடையை எதிர்பார்க்கிறது, கை அந்த எதிர்பார்ப்போடு ஒப்பிடுகிறது. உங்கள் பெட்டியின் கன அளவு 420 க.செ.மீ., எடை 210 கிராம், ஆக 1 க.செ.மீ.க்கு அரை கிராம். ஐபோன் 15 ப்ரோ 187 கிராம்தான், உங்களுடையதைவிடக் குறைவு. ஆனால் அதன் கன அளவு சுமார் 85 க.செ.மீ., ஆக 1 க.செ.மீ.க்கு 2.2 கிராம். டீலருக்குக் குறையாகத் தெரிவது கிராம் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. அடுத்த மோல்டு போடும்போது 35 மி.மீ. தடிமனை 28 ஆக்க முடியுமா பாருங்கள். ஒரு கிராம்கூடச் சேர்க்காமல் கனம் வந்துவிடும்.

எடை கூடினால் தரம் கூடும் என்பதும் நேர்கோடு இல்லை. ஐபோன் 14 ப்ரோ எஃகுச் சட்டத்தோடு 206 கிராம் இருந்தது. அடுத்த ஆண்டு டைட்டானியத்துக்குப் போய் 19 கிராமைக் குறைத்தார்கள், அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். லைகா எம்11 கேமராவைக் கறுப்பில் வாங்கினால் மேல்தகடு அலுமினியம், 530 கிராம். வெள்ளி நிறத்தில் வாங்கினால் பித்தளை, 640 கிராம். ஒரே கேமராதான், எது நல்லது என்று அந்தக் கம்பெனியே முடிவைச் சொல்லாமல் வாடிக்கையாளர் கையில் விட்டிருக்கிறது.

இரும்புப் பட்டை ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், வீண் என்பேன். அதைவிட, உங்கள் கருவிக்கு அது ஆபத்து. மின்தேக்கக் குழிக்குப் பக்கத்தில் உலோகம் வந்தால் மின்புலம் மாறும், அளவுத்திருத்தம் நகரும். 17இல் நிற்க வேண்டிய எண்ணை நீங்களே இடம்மாற்றியதாகிவிடும். இன்னொன்று, 310 கிராம் கருவி கைதவறி விழும்போது 210 கிராம் கருவியைப்போல ஒன்றரை மடங்கு ஆற்றலோடு விழும், ஸ்க்ரூ பாஸ்தான் முதலில் உடையும். எடை சேர்த்தே ஆக வேண்டுமென்றால் கைப்பிடிக்குள், குழியிலிருந்து எட்ட, உள்ளங்கையில் விழும்படி சேருங்கள். தலைப்பக்கம் சேர்த்தால் மணிக்கட்டு வலிக்கும், அதை யாரும் தரம் என்று நினைக்கமாட்டார்கள்.

வெள்ளிப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். கண் உலோகம் என்று சொல்லும், கை பிளாஸ்டிக் என்று சொல்லும். அந்த முரண் வெறும் பிளாஸ்டிக்கைவிட மோசம். 2013இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 3இன் முதுகு தோல் மாதிரி, ஓரத்தில் தையல் மாதிரி. தொட்டால் பிளாஸ்டிக், தையலும் மோல்டில் வார்த்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த நோக்கியா என்9 பாலிகார்பனேட்டை பாலிகார்பனேட்டாகவே காட்டியது. நிறம் உள்வரை ஒன்றே என்பதால் கீறினாலும் உள்ளிருந்து வேறு நிறம் எட்டிப் பார்க்காது. உங்கள் பெயின்ட் கட்டைவிரல் படும் இடத்தில் முதலில் தேயும், ஒரு பருவத்துக்குள் அடிநிறம் தெரியும். ‘சாஃப்ட் டச்’ பூச்சு என்று யாராவது ஆசைகாட்டினால் அதையும் தவிருங்கள். அது பாலியூரித்தேன். ஈரக்காற்றில் சில வருடங்களில் சிதைந்து பிசுபிசுக்கும். நம் கடலோர ஊர்களில் பழைய ரேடியோக்களும் மவுஸ்களும் கையில் ஒட்டுவது அதனால்தான்.

உலோக உடலே போடலாமே என்று தோன்றும். அலுமினியம் ‘சில்’லென்று இருப்பது, 33 டிகிரி அளவில் இருக்கும் நம் தோலிலிருந்து வெப்பத்தை பிளாஸ்டிக்கைவிட மிக வேகமாக உறிஞ்சுவதால். சித்திரை மாதத்தில் 38 டிகிரியில் களத்துமேட்டில் நிற்கிறவருக்கு அந்தச் சில்லிப்பு கிடைக்காது. வெயிலில் வைத்துவிட்டு எடுத்தால் கைதான் பொசுங்கும்.

கண்ணுக்குச் செய்யக்கூடியது இரண்டு. இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் 0.1 மி.மீ. படி இருந்தாலே விரல் கண்டுபிடித்துவிடும். அவற்றைத் துல்லியமாகச் சேர்க்கப் போராடுவதைவிட அந்தக் கோட்டிலேயே அரை மி.மீ. பள்ளத்தை வேண்டுமென்றே விடுங்கள். நிழல் விழுந்து படியை மறைத்துவிடும். இதற்கு இருக்கிற மோல்டில் உலோகம் சேர்க்க வேண்டிவரும், அடுத்ததற்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது டெக்ஸ்சர், அதாவது மேற்பரப்பில் லேசான சொரசொரப்பு, இருக்கிற மோல்டிலேயே செய்யலாம். சொரசொரப்புக்கு மோல்டுக்காரர்கள் வைத்திருக்கும் விடிஐ 3400 என்ற அளவுகோலில் 27 அல்லது 30 போதும். பள்ளமும் கைரேகையும் மறையும், வழுக்காது. பக்கச்சுவரில் டிராஃப்ட், அதாவது பீஸ் எளிதில் கழன்றுவர விடும் சாய்வு, போதாவிட்டால் மோல்டிலிருந்து வெளியேறும்போது உரசிக் கோடு விழும், அங்கே மட்டும் டெக்ஸ்சரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. மூன்று பெட்டி எடுங்கள். ஒன்றில் ஆட்டம், முறுக்கு, பொத்தான், பீப் மட்டும் சரிசெய்யுங்கள். இன்னொன்றில் எதையும் தொடாமல் 100 கிராம் மட்டும் சேருங்கள். மூன்றாவதில் இரண்டும். உங்களை அறியாத டீலர்கள் பத்துப் பேரிடம், ஒருவருக்கு ஒரு பெட்டி என்று கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல் என்ன விலை இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். இரும்பு மட்டும் வைத்த பெட்டிக்கு முதல் பெட்டியைவிட அதிக விலை சொன்னார்கள் என்றால் எழுதுங்கள். மோல்டுக்காரர் சொன்னதுதான் சரி என்று இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்.