அரசியல் அறிவியல் படிக்கப்போகும் மகளும் அம்மாவின் கவலையும்

அம்மா, மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்க ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைப் படிப்பவர்கள் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். கட்சிக்காரர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள்?

பாடத்திட்டத்தில் 'ஒப்பீட்டு அரசியல்' என்று பார்த்ததும் குழம்பியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஆட்சி எப்படி அமைகிறது, எப்படிக் கவிழ்கிறது, ஏன் ஒரே மாதிரி நடப்பதில்லை என்று பார்ப்பதுதான் அது. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதும் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு நினைவிருக்கும். வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஓட்டில் ஆட்சி போனது. கவிழ்த்தவர்களால் வேறு ஆட்சி அமைக்க முடியாமல் நாடு மறுபடி தேர்தலைச் சந்தித்தது. ஜெர்மனியில் எதிர்க்கட்சிகள் கூடிக் கவிழ்ப்பது மட்டும் போதாது. அங்கே அரசியல் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி, அடுத்த சான்சலர் (நம் பிரதமர் மாதிரி) யார் என்பதையும் அதே ஓட்டில் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தாக வேண்டும். 1982 அக்டோபரில் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். ஹிட்லருக்கு முன் ஜெர்மனியில் இருந்த வைமார் குடியரசில் அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் எழுதிய சட்டம் அது.

இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். "அப்புறம் எப்படி 2024 டிசம்பரில் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுத் தேர்தல் வந்தது?" என்று தேடிக்கொண்டு வந்து நின்றாள் என்றால், தாராளமாகச் சேர்த்துவிடலாம். (அது சான்சலரே கேட்டு நடத்திய வாக்கெடுப்பு, வேறு பிரிவு.) கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறாள் என்றால் யோசிக்க வேண்டும். மேலே போகப் போகப் புள்ளியியல் வரும்.

சரி, வேலை? பட்டம் வாங்கிய கையோடு வேலை கிடைக்கும் படிப்பு இல்லை இது, மறைக்க விரும்பவில்லை. கூடவே எம்.ஏ., சட்டம், பத்திரிகைத் துறை என்று ஏதாவது ஒன்று வேண்டும். எம்.ஏ. முடித்தால், கல்லூரியில் பாடம் நடத்த யுஜிசி நெட் என்ற தகுதித் தேர்வு எழுதலாம். ஐ.ஏ.எஸ். ஆசை இருந்தால் இந்தப் பாடம் நேராகவே உதவும்: முதன்மைத் தேர்வின் பொதுப்பாட இரண்டாம் தாளில் நம் அரசியல் சட்ட அமைப்பை மற்ற நாடுகளோடு ஒப்பிடும் பகுதி இருக்கிறது. ஆனால் ஐ.ஏ.எஸ்.ஸை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவள் என்கிறீர்கள். நல்ல புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான். இப்போதிருந்தே ஆங்கில நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று நாட்டுக்கொரு பாடமாகப் பிரித்திருந்தால் மனப்பாடம்தான் அதிகம். தேர்தல் முறை, கட்சிகள், கூட்டாட்சி என்று பொருள்வாரியாக இருந்தால் அந்தக் கல்லூரியையே முதலில் போடுங்கள்.