சீடை ஏன் வெடிக்கிறது? வடை ஏன் எண்ணெய் குடிக்கிறது?
அடுப்படிச் சந்தேகங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தால், முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்ப் பிரச்சினைதான். ஒன்று அதிகம், இல்லை குறைவு, இல்லை ஊற்றிய நேரம் தப்பு. பதில்களில் கப் என்றால் 200 மி.லி., மேஜைக்கரண்டி என்றால் 15 மி.லி., தேக்கரண்டி என்றால் 5 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோகுலாஷ்டமிக்கு உப்புச்சீடை செய்ய ஆசை. ஆனால் எண்ணெயில் போட்டதும் வெடித்துச் சிதறுகிறது. வீட்டில் எல்லோரும் பயந்துபோய், கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். வெடிக்காமல் செய்ய வழி உண்டா?
– கும்பகோணம் வாசகி

உண்டு. ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். சீடையை எண்ணெயில் போட்டதும் அதன் மேல் தோல் சட்டென்று இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் அதற்குப் பிறகுதான் ஆவியாகும். ஆவி வெளியேற வழி இல்லையென்றால் தோலை உடைத்துக்கொண்டு வரும். ஆகவே கவனிக்க வேண்டியவை இரண்டே: உள்ளே தேவையில்லாத ஈரம் தங்கக் கூடாது, தோலில் ஆவி போக இடம் இருக்க வேண்டும்.

பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் இருபது நிமிடம் உலர்த்துங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அரைத்துச் சலித்த மாவை அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுங்கள். விரலால் எடுத்துக் கோலம் இழுத்தால் அறுபடாமல் விழுவதுதான் பதம். ஆறியதும் இன்னொரு முறை சலியுங்கள். இந்த இரண்டாவது சலிப்பைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வறுக்கும்போது உருண்டுகொள்ளும் சின்னக் கட்டிகளே பிறகு வெடிகுண்டாகின்றன.

இந்த மாவு 2 கப்புக்கு, பொன்னிறமாக வறுத்து அரைத்து இரண்டு முறை சலித்த உளுத்தம் மாவு 2 மேஜைக்கரண்டி, வெண்ணெய் 2 மேஜைக்கரண்டி, எள் ஒரு தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் 2 மேஜைக்கரண்டி. தேங்காயை வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டிவிட்டுச் சேருங்கள். ஒரு தேக்கரண்டி உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கரையாத உப்புக் கல் ஒன்று உள்ளே இருந்தாலும் ஆபத்து. எள்ளில் மண் இருக்கும். அரித்து, காயவைத்துப் போடுங்கள்.

உருட்டுவதில்தான் அழகு பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கோலிக்குண்டு போல வழவழவென்று இறுக்கி உருட்டினால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. மூன்று விரலால் பட்டும் படாமலும், சுண்டைக்காய் அளவுக்கு உருட்டிப் போடுங்கள். மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் நல்லது. துணியில் அரை மணி நேரம் பரத்தி, மேல் ஈரம் உலர்ந்ததும் பொரிக்கலாம்.

எண்ணெய் நடுத்தரமாகக் காய்ந்ததும் முதலில் ஒன்றிரண்டு சீடையை மட்டும் போட்டு, இரண்டு நிமிடம் தள்ளி நில்லுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. அந்த ஒன்றிரண்டு வெடிக்கவில்லை என்றால் ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, சலசலப்பு அடங்கும்வரை பொரியுங்கள். வெடித்தால் பிடிவாதம் வேண்டாம். மீதி மாவை அப்படியே தட்டையாகத் தட்டி, முள்கரண்டியால் குத்திப் பொரித்துவிடுங்கள். சுவாமிக்குத் தட்டையும் பிடிக்கும்.

உளுந்து வடை எண்ணெய் குடிக்கிறது. மாவில் அரிசி மாவு கலந்தால் சரியாகும் என்றார்கள். கலந்தால் வடை கல்லாகிவிட்டது.
– திண்டுக்கல் வாசகி

எவ்வளவு கலந்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரு கப் உளுந்துக்கு ஒரு மேஜைக்கரண்டிதான் கணக்கு, மிஞ்சிப்போனால் இரண்டு. அதுவும் மாவு தளர்ந்துவிட்டால் மட்டும்.

தவறு அதற்கு முன்னாலேயே நடந்திருக்கும். வடைக்கு உளுந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். இரவே ஊறப்போட்டால் பருப்பு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அரைக்கும்போது நீங்கள் சொட்டுத் தண்ணீர் விடாவிட்டாலும் மாவு தளரும். ஊறியதும் முழுக்க வடித்து, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, நடுநடுவே ஐஸ் தண்ணீர் தெளியுங்கள். ஒரு கப் உளுந்துக்கு 3 அல்லது 4 மேஜைக்கரண்டி போதும். மிக்ஸி சூடானால் மாவு உப்பாது. அரைத்ததைக் கையால் இரண்டு நிமிடம் ஒரே திசையில் அடியுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்.

உப்பும் வெங்காயமும் கடைசியில், வாணலி காய்ந்த பிறகு. இரண்டும் முன்பே சேர்ந்தால் வெங்காயம் தண்ணீர் விடும், மாவு இளகும். எண்ணெயில் துளி மாவைப் போட்டால் அடியில் போய் உடனே மேலே வர வேண்டும். அடியிலேயே தங்கினால் சூடு போதாது, எண்ணெய் குடிக்கும். போட்ட நொடியில் சிவந்தால் சூடு அதிகம், உள்ளே வேகாது.

மாவு கையில் நிற்கவே நிற்காத அளவுக்குப் போய்விட்டதா? ஓட்டை வடையை மறந்துவிட்டு, மிளகும் தேங்காய்ப் பல்லும் போட்டு போண்டாவாகக் கிள்ளிப் போடுங்கள்.

ரவை உப்புமாவில் கட்டி.
– திருச்சி வாசகர்

ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர். ரவையை மணம் வரும்வரை வறுத்திருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறுகையால் கிளறுங்கள். மூடி மூன்று நிமிடம் சிறு தீயில். கொதி வராத தண்ணீரில் கொட்டினாலும், மொத்தமாகக் கொட்டினாலும் கட்டிதான்.

ஓசூரில் இருக்கிறோம். மார்கழியில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. சமையல் சோடா போடலாமா?
– ஓசூர் வாசகி

போட்டால் இட்லி உப்பும், மறுக்கவில்லை. ஆனால் புளித்த மாவின் மணமும் ருசியும் சோடாவில் வராது. கொஞ்சம் கூடினாலும் இட்லி மஞ்சளித்து, சோப்பு வாடை அடிக்கும். வேறு வழிகளைப் பார்த்துவிட்டு, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாவைப் பொங்கவைப்பது உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு 28 முதல் 32 டிகிரி வெப்பம் இதமானது. அந்தச் சூட்டில் எட்டு மணி நேரத்தில் ஆகிற வேலை, குளிர் ஊரில் பதினாலு, பதினாறு மணி நேரம் எடுக்கும். ஆகவே குளிர் காலத்தில் மதியமே அரைத்து வைத்துவிடுங்கள். பாத்திரத்தைப் பெரிய அண்டாவில் வைத்து, சுற்றிலும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஓவன் இருந்தால் அதைச் சூடாக்காமல், விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைக்கலாம். அடுப்பின் மேல் வைக்கிற வேலை வேண்டாம். அடி மாவு வெந்துவிடும்.

அளவையும் பாருங்கள். இட்லி அரிசி 4 கப், முழு உருட்டு உளுந்து 1 கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. அரிசி நான்கு மணி நேரம் ஊறட்டும், உளுந்தும் வெந்தயமும் இரண்டு மணி நேரம். கிரைண்டரில் உளுந்தை அரை மணி நேரம், தண்ணீர் தெளித்துத் தெளித்து, பந்து போலப் பொங்கி வரும்வரை ஓடவிடுங்கள். புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்து வைப்பது இந்த உளுந்து நுரைதான். உளுந்து சரியாக அரைபடாவிட்டால் மாவு புளிக்கும், ஆனால் பொங்காது. உங்கள் மாவில் புளிப்பு வாடை வந்தும் உயரம் வரவில்லை என்றால், குளிரைக் குறை சொல்லாதீர்கள், உளுந்தைப் பாருங்கள். போன வருடத்துப் பழைய உளுந்து எவ்வளவு அரைத்தாலும் காணாது.

அரிசியைச் சன்ன ரவை பதத்தில் நிறுத்துங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல நழுவி விழ வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பொங்கிய மாவை அடிவரை கலக்கக் கூடாது. இட்லிக்கு மேலாக மொண்டு ஊற்றுங்கள், அடி மாவு தோசைக்கு. ஆவி வந்த பிறகு தட்டை வைத்துப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். இறக்கி இரண்டு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் நனைத்த ஸ்பூனால் எடுத்தால் ஒட்டாது.

மோர்க்குழம்பு திரிந்துபோகிறது. கடலை மாவு கரைத்து ஊற்றிப் பார்த்தேன், கஞ்சி மாதிரி ஆகிவிட்டது.
– தஞ்சாவூர் வாசகி

தஞ்சாவூர்க்காரருக்கு மோர்க்குழம்பு சொல்லித் தருவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. துவரம்பருப்பு ஒரு மேஜைக்கரண்டி, பச்சரிசி ஒரு தேக்கரண்டி, தனியா அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை அரை மணி நேரம் ஊறவைத்து, சீரகம் அரைத் தேக்கரண்டி, பச்சை மிளகாய் 4, சிறு துண்டு இஞ்சி, தேங்காய் 4 மேஜைக்கரண்டியோடு நைஸாக அரையுங்கள். அரிசியும் பருப்பும்தான் மோரைத் திரியவிடாமல் பிடித்துக்கொள்பவை. கடலை மாவும் அதே வேலையைச் செய்யும், ஆனால் அளவு தப்பினால் கூழாகிவிடும்.

வெண்பூசணி 200 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் மஞ்சள்பொடி, உப்புப் போட்டு வேகவைத்து, அரைத்த விழுதைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை வாடை இங்கேயே போய்விட வேண்டும்; மோர் சேர்ந்த பிறகு கொதிக்கவிட முடியாது. தீயைக் குறைத்து, கடைந்த புளித்த தயிர் இரண்டு கப் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து நேராக எடுத்து ஊற்றக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி வரும்போதே அணைத்துவிடுங்கள். உடனே மூடாதீர்கள், சூடு உள்ளே தங்கினால் அப்போதும் திரியும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். வெண்டைக்காய் போடுவதானால், வழவழப்புப் போகத் தனியே வதக்கிக் கடைசியில் சேருங்கள்.

குக்கரில் ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு நிற்கிறது.
– சென்னை, தாம்பரம் வாசகர்

போர் தண்ணீரா? கால்சியம் மிகுந்த உப்புத் தண்ணீரில் பருப்பு இறுகிக்கொள்ளும், எத்தனை விசில் விட்டாலும் மசியாது. பருப்பு வேகவைக்க மட்டும் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், மஞ்சள்பொடி, ஒரு சொட்டு நல்லெண்ணெய். தக்காளியோ புளியோ பருப்போடு சேர்ந்து வேகக் கூடாது. புளிப்பு பருப்பை வேகவிடாது. நல்ல தண்ணீரிலும் வேகவில்லை என்றால் பருப்பு பழசு. கடையை மாற்றுங்கள்.

புளிக்காய்ச்சல் செய்து வைத்தால் நாலே நாளில் பூசணம் பிடிக்கிறது. எண்ணெய் குறையா?
– கோவையிலிருந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்காகக் கேட்கும் வாசகி

எண்ணெயும் குறைந்திருக்கலாம், தண்ணீரும் நின்றிருக்கலாம். பழைய புளி 100 கிராமுக்கு நல்லெண்ணெய் 100 மி.லி. கண்டிப்பாக வேண்டும். புளியை இரண்டு கப் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு 2 மேஜைக்கரண்டி, வேர்க்கடலை கால் கப், மிளகாய் வற்றல் 10, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசல், மஞ்சள்பொடி, கல் உப்பு ஒன்றரை மேஜைக்கரண்டி சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். முதலில் தெறிக்கும், அது தண்ணீர் போகிற சத்தம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தெறிப்பது நின்று, விழுது சுருண்டு, எண்ணெய் சுற்றிலும் கக்கி நிற்கும். அதற்கு முன்னால் இறக்கினால்தான் பூசணம்.

வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, தனியா 2 மேஜைக்கரண்டி, எள் ஒரு மேஜைக்கரண்டி ஆகியவற்றை அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். வெந்தயப் பொடி கொதித்தால் கசக்கும். நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்த்தால் புளிப்பின் கூர்மை அடங்கும். முழுக்க ஆறியதும், வெயிலில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, மேலே ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கிறதா பாருங்கள். குறைந்தால் காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் ஊற்றலாம். வெளியே பத்து நாள், ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் தாங்கும். ஈரக் கரண்டி போடக் கூடாது என்று மகனுக்குப் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சாதத்தை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் ஆறவிட்டு, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிறகு கலந்தால் குழையாது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரத்தில் ஏதாவது, பொரிக்காமல்?
– விருதுநகர் வாசகி

புளி அவல். கெட்டி அவல் 2 கப்பை மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டி ரவையாக்கி, அலசி வடித்துவிடுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை ஒன்றரை கப் தண்ணீரில் கரைத்து, உப்பும் மஞ்சள்பொடியும் சேர்த்து, அதில் அவலைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். தண்ணீர் முழுவதும் உள்வாங்கி, விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். நல்லெண்ணெய் 2 மேஜைக்கரண்டியில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அவலைக் கொட்டி ஐந்து நிமிடம் பிரட்டினால் பொலபொலவென்று உதிரும். ஊறும் பத்து நிமிடத்தில் தாளிப்புக்கு எடுத்து வைத்துவிடலாம். மெல்லிசு அவலுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதில் அரை கப் புளித்தண்ணீரைத் தெளித்துப் பிசிறினாலே போதும், கூடினால் களியாகிவிடும்.