தோலை வளர்த்துப் போர்த்தலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆய்வகத்தில் தோல் வளர்ப்பது நிஜமா?

நிஜம்தான், புதிதும் அல்ல. தோலின் மேலடுக்குச் செல்களைப் பெருக்கும் வழியை 1975-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் காட்டினார்கள். தபால்தலை அளவு தோலை எடுத்து, சில வாரங்களில் பாதி உடம்பை மூடும் அளவுக்கு வளர்க்கலாம். பெரிய தீக்காயங்களுக்கு 1980களிலிருந்தே பயன்படுகிறது.

கேள்வி: அவ்வளவு மெல்லிய படலத்தைக் கிழியாமல் எப்படி எடுக்கிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. முன்பெல்லாம் நொதி ஊற்றித்தான் பிரிப்பார்கள். அது செல்களின் பிடிமானப் புரதங்களையும் சேர்த்தே அரித்துவிடும். டோக்கியோவில் தெருவோ ஒகானோ குழுவினர் வேறு வழி கண்டார்கள். வளர்ப்புத் தட்டின் அடியில் ஒரு பாலிமர் பூச்சு. 37 டிகிரியில் அது தண்ணீரை அண்டவிடாது. செல்கள் நன்றாக ஒட்டி வளரும். 32 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீரை உறிஞ்சி உப்பும். செல்கள் பிடியை விடும். தட்டை 20 டிகிரியில் வைத்தால் ஓரம் முதலில் மடங்கி, பிறகு முழுப் படலமும் பாலாடைபோலச் சுருங்கிக் கழன்று வரும். சுருங்குவதால் தாங்குதாள் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

அடிப்புறப் புரதங்கள் அப்படியே இருப்பதால் படலம் தானாக ஒட்டிக்கொள்ளும். 2004-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நான்கு பேரின் வாய்ச் செல்களில் வளர்த்த படலங்களை அவரவர் கருவிழியில் தையலே போடாமல் வைத்தார்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். இது உதவுமா?

இப்போதைக்கு இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ரத்த ஓட்டம் இல்லாத, சீழ் பிடித்த இடத்தில் எந்தப் படலமும் பிடிக்காது. முதலில் காலின் ரத்தக்குழாயைப் பரிசோதியுங்கள். அழுகியதை அகற்றி, தொற்றைக் கட்டுப்படுத்தி, புண்மேல் உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சரியாகச் செய்தாலே பல புண்கள் ஆறிவிடும்.

கேள்வி: வளர்த்த தோலில் முடி, வியர்வை வருமா?

வராது. மேலடுக்கு மட்டும்தானே! கீழ்த்தோல் போயிருந்தால் லேசான உரசலிலும் கொப்புளம் வரும்.

கேள்வி: பிறவியிலேயே தோல் உரியும் குழந்தைகளுக்கு?

இங்கேதான் உண்மையான நம்பிக்கை. 2015-இல் ஜெர்மனியின் போகும் நகரில் 7 வயதுச் சிறுவனுக்கு, அவனுடைய செல்களிலேயே பழுதான மரபணுவைச் சரிசெய்து வளர்த்த படலங்களால் சுமார் 80 சதவீதத் தோலை மாற்றினார்கள். செல்களை வளர்த்தது இத்தாலியில் மிக்கேலே டி லூகா குழு. இந்நோயின் வேறொரு வகைக்கு, இதே மாதிரி மரபணு திருத்திய படலத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025-இல் அனுமதித்தது.