ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: எதற்குச் செலவழிப்பது?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கின்றன. கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும், புரோகிராமிங் படிக்க லினக்ஸ் வேண்டும். இருக்கும் எஸ்எஸ்டியைப் பிரிப்பதா, புதிதாக ஒன்று வாங்குவதா, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினே போதுமா?

பதில்: இரண்டும் ஒரே சமயத்தில் திறந்திருக்க வேண்டுமா, மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதுமா? இதை முடிவு செய்துவிட்டுக் காசை எடுங்கள்.

ஒரே சமயத்தில் வேண்டுமென்றால் ராமுக்குச் செலவழியுங்கள். விர்ச்சுவல் மெஷினில் இரண்டு சிஸ்டமும் ஒரே ராமைப் பங்குபோடும். 8 ஜிபியில் உபுண்டுவுக்கு (லினக்ஸில் ஒரு வகை) 4 கொடுத்தால் விண்டோஸுக்கு மிஞ்சுவது 4. பிரவுசரைத் திறந்ததும் இரண்டுமே திணறும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. வாங்குமுன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் ராமைக் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டோடு பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. கமாண்ட் லைன் (கட்டளைகளை டைப் செய்து வேலை வாங்குவது) பழகுவது மட்டும்தான் நோக்கம் என்றால் எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட இலவசமாகக் கிடைக்கும் டபிள்யூஎஸ்எல் வசதி போதும்.

மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும் என்றால், எங்கள் பரிந்துரை இரண்டாவது எஸ்எஸ்டி. 256 ஜிபி தாராளம். ஆனால் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா, அது வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, பழைய சாட்டா வகையை மட்டுமா என்று உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவும் முக்கியம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில லேப்டாப்களின் இரண்டாவது ஸ்லாட்டில் 2242 அல்லது 2230 மட்டுமே உட்காரும். எஸ்எஸ்டியைப் பிடித்து நிறுத்தும் குட்டி ஸ்க்ரூ பல சமயம் பெட்டியில் வராது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்தால் இரண்டின் பூட் ஃபைல்களும் (கணினியைத் தொடங்கி வைப்பவை) டிஸ்க்கில் அவற்றுக்கென உள்ள ஒரே இஎஃப்ஐ பகுதியில் போய் உட்காரும். விண்டோஸ் அதற்கு ஒதுக்குவது வழக்கமாக 100 எம்பிதான், இடம் போதாமல் போகலாம். தனி டிஸ்க்கில் போட்டாலும் ஒரு சிக்கல் உண்டு: லினக்ஸ் இன்ஸ்டாலர் சில சமயம் லினக்ஸைத் தொடங்கி வைக்கும் பூட்லோடரை விண்டோஸ் டிஸ்க்கிலேயே எழுதிவிடும். அதனால் லினக்ஸ் போடும்போது மட்டும் விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழற்றி வையுங்கள், அல்லது பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை அணையுங்கள். கழற்றுவதென்றால் பேட்டரி கனெக்டரை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு எந்த சிஸ்டம் வேண்டும் என்பதை பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம்.

காலி ஸ்லாட் இல்லையா? முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்குங்கள். உபுண்டு கேட்கும் குறைந்தபட்சம் 25 ஜிபி. 100 ஒதுக்கினால் பின்னால் வருத்தமில்லை. 200 ஜிபி காலி இருந்தும் 10 ஜிபிதான் சுருங்கும் என்று காட்டினால், நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் நிற்கின்றன. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள்.

கேள்வி: லினக்ஸ் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை. பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பை, லினக்ஸுக்கும் புரியும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினேன். இப்போது விண்டோஸ் 48 இலக்க எண் கேட்கிறது. டேட்டா போய்விட்டதா?

பதில்: போகவில்லை. பயாஸில் மாற்றியதைப் பழையபடி வையுங்கள். பெரும்பாலும் எண் கேட்காமலே திறந்துவிடும். கேட்டாலும், அது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீதான். வேறொரு ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள். பல கீ இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியோடு ஒத்துப்போவதை எடுங்கள்.

இனி வரிசையாகச் செய்யுங்கள். கீயைத் தாளில் எழுதிவையுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் டிவைஸ் என்க்ரிப்ஷனை விண்டோஸ் செட்டிங்ஸில் அணைத்து, அது முழுவதும் முடியும்வரை காத்திருங்கள். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, நேராக பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது அதற்கான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் தப்பாக ஓடுகிறது. லினக்ஸில் இருக்கும்போது விண்டோஸ் டிரைவில் ஃபைல் சேமிக்கவும் முடியவில்லை.

பதில்: இரண்டுக்கும் காசு செலவில்லை. போர்டிலுள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை எழுதும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசியை 1 ஆக்குங்கள். சேமிக்க முடியாததற்குக் காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அதை அணையுங்கள்.

கேள்வி: எம் வரிசை சிப் உள்ள மேக் வாங்கி விண்டோஸும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மேக்கில் நேரடியாக விண்டோஸ் போட உதவும் பூட் கேம்ப் இன்டெல் மேக்குகளுக்கு மட்டுமே. எம் வரிசையில் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஏஆர்எம் விண்டோஸ் 11தான் (எம் வரிசை போன்ற ஏஆர்எம் வகைச் சிப்புகளுக்கானது) ஓடும். அதற்கு விண்டோஸ் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும். யுஎஸ்பி டாங்கிளோ பழைய பிரின்டரோ இருந்தால், அதற்கு ஏஆர்எம் டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யும்வரை பணம் கட்டாதீர்கள்.