டஸ்க் ஏன் ரூமர்ஸ் அளவுக்கு விற்கவில்லை? கேள்வி பதில்

பெரம்பூரில் இசைத்தட்டு சேர்க்கும் நண்பர்கள் கூடியபோது, ஃபிளீட்வுட் மாக் என்ற ராக் இசைக்குழுவின் டஸ்க் (1979) ஆல்பத்தைப் பற்றி என்னிடம் கேட்டவை.

ராயபுரம் தம்பி: அண்ணே, டஸ்க் படுதோல்வி என்கிறார்களே, உண்மையா?

இல்லை தம்பி. சுமார் 40 லட்சம் விற்றது, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் அதற்கு முந்தைய ரூமர்ஸ் (1977) அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்த ஆல்பம். அதன் பக்கத்தில் நிறுத்தினால் எதுவுமே சின்னதாகத்தான் தெரியும். டஸ்க் பதிவுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் செலவானதால் கம்பெனியின் எதிர்பார்ப்பும் எகிறிவிட்டது.

தண்டையார்பேட்டை நண்பர்: பாட்டு சரியில்லாததுதானே காரணம்?

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் காரணம் விலை. 20 பாட்டு, இரட்டைத் தட்டு, கிட்டத்தட்ட 16 டாலர். ஒற்றைத் தட்டின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் அமெரிக்க இசைத்தட்டு வியாபாரமே படுத்துக் கிடந்த 1979இல்! அப்புறம் ரேடியோ. அமெரிக்காவின் ஆர்கேஓ வானொலி நிலையங்கள் முழு ஆல்பத்தையும் ஒலிபரப்பின. கேட்டவர்கள் வீட்டிலேயே டேப்பில் பிடித்துக்கொண்டார்கள் என்று குழுவின் டிரம்மர் மிக் ஃபிளீட்வுட் பின்னாளில் குறைப்பட்டார். பர்மா பஜாரில் வெற்று கேசட் வாங்கி, ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் நீட்டிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கையில் டேப் இருக்கும்போது 16 டாலர் யார் கொடுப்பார்கள்? ஆனாலும் ரேடியோ மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. விலைதான் ஜனங்களை டேப் பக்கம் தள்ளியது என்பது என் கணிப்பு.

வியாசர்பாடி தம்பி: தலைப்புப் பாட்டில் பேண்டு செட் வருதே, யார் அவங்க?

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் பேண்டு. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் பதிவு செய்தார்கள். கானாவோடு வளர்ந்த உன் காதுக்கு அந்த அடி உடனே பிடித்திருக்கும். ரூமர்ஸ் மாதிரி மெல்லிசைக்குக் காத்திருந்தவர்களுக்கு அதையே முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாகக் கொடுத்ததில் மிரட்சி இருந்திருக்கும். இருந்தும் அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை ஏறியது.

வண்ணாரப்பேட்டை அக்கா: இன்னொரு ரூமர்ஸே போட்டிருக்கலாமே?

குழுவின் கிதார் கலைஞரும் பாடகருமான லிண்ட்சி பக்கிங்ஹாம் அதைத்தான் மறுத்தார். அப்போது புதிதாகக் கிளம்பிய பங்க், நியூ வேவ் ராக் இசை அவரை உலுக்கியிருந்தது. சில பாட்டுகளை வீட்டிலேயே தனியாக உட்கார்ந்து பதிவு செய்தார். ஓடிய குதிரையை விட்டு இறங்க ஒரு நெஞ்சுரம் வேண்டும் அக்கா. அந்த ஒன்றுக்காகவே டஸ்க் எனக்கு ரூமர்ஸைவிட நெருக்கம்.

காசிமேடு நண்பர்: எதில் தொடங்குவது?

குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸின் 'சாரா'. பழைய ஒற்றை சிடியில் இடம் போதாமல் அந்தப் பாட்டின் நீளத்தைக் குறைத்துவிட்டார்கள், அதை வாங்காதீர்கள். இரட்டைத் தட்டு கிடைத்தால் விடாதீர்கள்.